மண்ணரணுக்குள் வளர்ந்த தலைநகரம்

இரண்டு மூன்று நாட்களே தங்கிவரும் உத்தேசத்துடன் ஐரோப்பாவின் பெருநகரங்களுக்குப் புறப்படுகிறவர்கள், எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கணக்குப் போட்டுப் போட்டே பாதி உற்சாகத்தை இழந்துவிடுவதுண்டு. டென்மார்க்கின் தலைநகரமாகிய கோபன்ஹேகனைப் பொறுத்தமட்டில் அந்தக் கவலைக்கு அவ்வளவாக இடமில்லை. அரண்மனை, சர்வகலாசாலை, பிரதான தேவாலயம், கடைத்தெரு, துறைமுகம் ஆகிய யாவும் நடந்து போகும் தூரத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. பழைய நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இந்தச் சௌகரியம் தற்செயலாக வாய்த்ததன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஒரே மண்ணரணுக்குள் அடைபட்டு, வெளியே ஒரு சாண் நிலத்திலும் வீடு கட்டிக்கொள்ள உரிமையின்றி, நெருக்கத்தினாலும் நெருப்பினாலும் நோயினாலும் அல்லற்பட்ட ஜனங்கள் கொடுத்த விலையில்தான் இன்றைய பிரயாணிக்கு அது கிடைத்திருக்கிறது. ஆகவே அந்நகரத்துக்குச் செல்ல நினைக்கிறவர், வழிகாட்டிப் புத்தகங்களைப் புரட்டுவதற்கு முன்னால் அந்த அரணின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வாரானால், பிரயாணத் திட்டத்தில் பெரும்பகுதி தானே உருவாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

நகரத்தின் பூர்வ கதையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மீன்பிடி துறையாக இருந்த ஓர் ஊரை ஒட்டிய சிறு தீவில் 1167-ஆம் ஆண்டில் அப்சலோன் என்ற பிஷப் ஒரு கோட்டை கட்டினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. வட ஜெர்மானிய வணிக நகரங்களின் கூட்டணியினர் 1369-இல் அக்கோட்டையைத் தகர்த்தார்கள். அதே இடத்தில் பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்த அரண்மனைகளுள் கடைசியானதுதான் இன்று பாராளுமன்றம் கூடும் கிறிஸ்டியன்ஸ்போர்க். அதன் நிலவறையில் இறங்கினால் அப்சலோன் காலத்துக் கற்சுவரின் அடிப்பாகத்தை இப்போதும் பார்க்கலாம். 1417-இல் நகரம் பிஷப்புகளின் கையிலிருந்து அரசர் வசமாயிற்று. 1479-இல் சர்வகலாசாலை தோன்றியது.

நகரத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் 1588 முதல் 1648 வரை அறுபது ஆண்டுகள் அரசு வீற்றிருந்த நான்காம் கிறிஸ்டியன். போர்களில் அவர் கண்ட தோல்விகள் நாட்டை வறுமைக்கு உள்ளாக்கின என்பது மெய்யே. ஆயினும் கட்டடக் கலையில் அவருக்கு இருந்த மோகம் இல்லாவிட்டால் கோபன்ஹேகனில் பார்க்கத்தக்கவற்றுள் பாதி இராது. ரோஸன்போர்க் மாளிகை, கடற்படையினரின் குடும்பங்களுக்கென்று வரிசை வரிசையாக எழுப்பிய நூபோடர் குடியிருப்பு, வர்த்தகர்கள் கூடுவதற்கான பர்ஸ் மண்டபம், கால்வாய்களால் வகுக்கப்பட்ட கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் என்ற புதுப்பகுதி ஆகிய இவையெல்லாம் அவர் ஆணையால் எழுந்தவை. நகரத்தைச் சுற்றியிருந்த அரணைக் கிழக்கே வெகுதூரம் நகர்த்தி, நகரின் விஸ்தீரணத்தைப் பெருக்கத் தொடங்கியவரும் அவரே.

1637-இல் தொடங்கி 1642-இல் முடிந்த வட்டக் கோபுரத்தை மாத்திரம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். உச்சியில் வானசாஸ்திர ஆராய்ச்சி நிலையம், ஒட்டினாற்போல் தேவாலயம், அத்தேவாலயத்தின் மேல்தளத்தில் சர்வகலாசாலையின் புத்தகசாலை என்று மூன்று காரியங்களை ஒருங்கே கருதிக் கட்டிய இக்கோபுரத்தில், உச்சியை நெருங்கும்வரையில் படிக்கட்டே இல்லை. செங்கல் பதித்த அகலமான சாய்தளம் ஒன்று நடுத்தூணைச் சுற்றி ஏழரைச் சுற்று சுற்றி மேலே ஏறுகிறது. நடுவழியே அளந்தால் அதன் நீளம் 209 மீட்டர். தூணை ஒட்டி நடந்தால் தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. வெளிச்சுவரை ஒட்டி நடந்தால் தூரம் அதிகம், ஏற்றமோ மூச்சு வாங்காத அளவுக்கு மிதமானது. இருபுறமும் வெள்ளையடித்த சுவர்களின்மேல் ஆழமான சாளரங்களின் வழியே விழும் வெளிச்சத்தில் குழந்தைகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1716-இல் குதிரைமீது அமர்ந்தபடியே உச்சிவரை ஏறினார் என்று சொல்லுவார்கள். மேல்மாடத்தில் நின்று பார்த்தால் பழைய நகரின் சிவந்த ஓட்டுக் கூரைகள் அத்தனையும் கீழே தெரியும். வந்திறங்கிய முதல் நாளன்று வேறெதற்கும் முன்னால் இங்கே ஏறிவிடுவது நல்லது. நகரம் எவ்வளவு சிறியது என்பது கண்ணுக்கே புலப்பட்டுவிடும்.

அந்த அரண் நகரத்தைக் காப்பாற்றிய காலமும் உண்டு. ஸ்வீடன் தேசத்து அரசர் பத்தாம் கார்ல் குஸ்தாவ் 1658-இல் நகரத்தை முற்றுகையிட்டு, மறு ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இரவில் தம் படை முழுவதையும் ஏவித் தாக்கினார். குளிர்காலத்தில் அகழி நீர் உறைந்துவிட்டால் பகைவர் தரையில் நடப்பதுபோல் நடந்து வந்துவிடக் கூடுமாதலால், நகரத்தார் இரவும் பகலும் பனிக்கட்டியை வெட்டி வெட்டி நீர்ப்பரப்பைத் திறந்தே வைத்திருந்தார்கள். வணிகர், மாணாக்கர், கைத்தொழிலாளர் என்ற பேதமின்றி எல்லாரும் அரண்மீது நின்று போர் செய்தார்கள். பொழுது விடிவதற்குள் ஸ்வீடன் படை பின்வாங்கியது. அன்று கோபன்ஹேகன் வீழ்ந்திருந்தால் டென்மார்க் என்ற தனி ராஜ்யம் நிலைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

நகரத்தைக் காத்த அரணே பின்னர் நகரத்துக்குச் சிறையாகவும் ஆயிற்று. நிலத்தின் பக்கம் இருந்த சில வாயில்களே ஊருக்குள் வர வழி. இரவில் அவை பூட்டப்படும். நெடுங்காலம்வரை சாவிகள் அரசரிடம் ஒப்படைக்கப்பட்டுவந்தன. கிராமங்களிலிருந்து வரும் தானியத்துக்கும் இறைச்சிக்கும் வாயிலிலேயே சுங்கம் வசூலித்தார்கள். அரணின் மேல் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. மரங்கள் நிழல் தந்த அதன் உச்சிப் பாதையே ஊராருக்கு மாலையில் உலாவக் கிடைத்த திறந்தவெளி. அரணுக்கு வெளியேயோ, பகைவர் மறைந்துகொள்ள இடம் ஏற்படக் கூடாது என்பதற்காக, இராணுவத்தாரின் அனுமதியின்றி எவரும் ஒரு குடிசையும் போடக் கூடாதென்று விதித்திருந்தார்கள். ஜனத்தொகை பெருகப் பெருக, வீடுகளின்மேல் மாடிக்கு மேல் மாடி ஏறியது. முற்றங்களுக்குள் முற்றம் நெருங்கியது. சாராயம் காய்ச்சுவோர் வடித்தெடுத்த கழிவைத் தின்பதற்கென்று ஊர் நடுவிலேயே பசுக்களைக் கட்டி வளர்த்தார்கள்.

இத்தகைய நெருக்கத்தில் தீ பற்றினால் என்ன ஆகும் என்பதை அந்நகரம் இருமுறை கண்டது. 1728 அக்டோபரில் மூண்ட பெருந்தீ இரண்டு நாட்களுக்கு மேல் எரிந்து நகரின் கால்பாகத்துக்கு அதிகமானதை அழித்தது. வட்டக் கோபுரத்தை அடுத்த தேவாலயத்தின் மேல்தளத்தில் பத்திரமாக இருக்கிறதென்று நம்பியிருந்த சர்வகலாசாலைப் புத்தகசாலையும் அதில் வெந்து சாம்பலாயிற்று. வேறு பிரதியில்லாத எத்தனையோ கையெழுத்துச் சுவடிகள் அன்று உலகத்தை விட்டே மறைந்தன. கட்டடங்களின் நஷ்டத்தை அடுத்த தலைமுறை ஈடுசெய்துவிட்டது. சுவடிகளின் நஷ்டத்தை எத்தலைமுறையும் ஈடுசெய்ய முடியாது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நோகிறது. 1795 ஜூன் மாதத்தில் இரண்டாவது பெருந்தீ. இதற்குப் பிறகு எழுந்த விதிகளுள் ஒன்றின் அடையாளத்தை இன்றும் தெருவில் நின்றே பார்க்கலாம். பழைய நகரின் தெருச் சந்திப்பு ஏதேனும் ஒன்றில் நின்று நாற்புறமும் நோக்கினால், மூலைவீடுகளின் முனை கூராக இல்லாமல் சரிவாகச் சீவி விட்டாற்போல் இருக்கும்; நீண்ட ஏணிகளையும் நீர் இறைக்கும் யந்திரங்களையும் ஏற்றிய வண்டிகள் தடைப்படாமல் திரும்புவதற்காகவே மூலைகளை அப்படி வெட்டிக் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். பல்லாயிரம் பேர் கடை பார்த்துக்கொண்டே கடந்து போகும் அந்தச் சந்திகளில் இதைக் கவனித்து நிற்கிறவர்கள் சிலரே.

1807 செப்டம்பரில் நேர்ந்தது மனிதர் வைத்த தீ. டென்மார்க்கின் கப்பற்படை நெப்போலியன் வசமாகிவிடும் என்று அஞ்சிய ஆங்கிலேயர், நடுநிலை வகித்த ஒரு தேசத்தின் தலைநகரத்தின்மேல் 2-ஆம் தேதி முதல் 5-ஆம் தேதி வரை குண்டுகளையும் காங்கிரீவ் ராக்கெட்டுகளையும் பொழிந்தார்கள். அவை அரணின் தலைக்கு மேலாகப் பறந்து வீடுகளின்மேல் விழுந்தன. பிரதான தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் எரிந்து சாய்ந்தது. நகரம் பணிந்தது, கப்பற்படை பறிபோயிற்று. 1813-இல் அரசாங்கமே திவாலாயிற்று. 1814-இல் நார்வே கைவிட்டுப் போயிற்று. தூர எறியும் பீரங்கிகளின் காலத்தில் மண்ணரணால் பயனில்லை என்பது அந்த நான்கு நாட்களில் ஐயமற வெளிப்பட்டும், இராணுவ அதிகாரிகள் அதைக் கைவிட மனமின்றி மேலும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்துவைத்திருந்தார்கள் என்பதை எவ்வளவு யோசித்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ஆனாலும் ஒடுங்கிப்போன அந்நகரத்துக்குள்ளேதான் டேனியக் கலையின் பொற்காலம் மலர்ந்தது. 1819 செப்டம்பர் 6-ஆம் நாள், ஓடன்சே என்ற ஊரைச் சேர்ந்த ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகன், பதினான்கு வயதுச் சிறுவன், பிரெடரிக்ஸ்பெர்க் மேட்டில் வண்டியைவிட்டு இறங்கி, தூரத்தில் தெரிந்த கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து மேற்கு வாயிலின் வழியாக நகருக்குள் புகுந்தான். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் அந்நாளைத் தம் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் குடியிருந்த வீடுகளுள் மூன்று, ஸ்வீடன் யுத்தக் கைதிகளைக் கொண்டு 1670-களில் வெட்டிய நூஹவ்ன் என்ற கால்வாயின் கரையில் இருக்கின்றன. தத்துவஞானி கீர்க்கேகோர் நாள்தோறும் உலாவியதும் இதே தெருக்களில்தான். சிற்பி தொர்வால்ட்சனின் படைப்புகளுக்கென்று 1848-இல் திறந்த காட்சிசாலை அரண்மனைத் தீவில் இருக்கிறது. இவ்வளவு பேரும் ஒருவரையொருவர் நாள்தோறும் தெருவில் சந்திக்கும்படி நெருங்கி வாழ்ந்ததற்கும் அந்த அரணே காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அதற்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

அரணை ஒட்டி முதன்முதலில் குதூகலத்துக்கு இடம் பிடித்தவர் கியோர்க் கார்ஸ்டென்சன். அரசரிடம் அநுமதி பெற்று, மேற்கு வாயிலுக்கு வெளியே இராணுவத்தாரின் நிலத்தில் அவர் 1843 ஆகஸ்டு 15-ஆம் நாள் திறந்த திவோலிப் பூங்கா, போர் வந்தால் உடனே பிரித்தெறிய வேண்டியிருக்கும் என்பதனால் மரத்தாலும் துணியாலும் அமைந்த இலேசான மண்டபங்களுடன் தொடங்கியது. இன்று அங்கே விளக்கொளியில் மின்னும் ஏரி, பழைய அகழியின் ஒரு துண்டு.

மற்றபடி நிலைமை மாறுவதற்கு ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது. ஏறக்குறைய 1,30,000 ஜனங்கள் அடைந்து கிடந்த அந்நகரத்தில் 1853-ஆம் ஆண்டுக் கோடையில் காலரா புகுந்தது. மரக் குழாய்களில் வந்த நீர் அசுத்தம், சாக்கடை என்று பேருக்கும் ஒழுங்கான ஏற்பாடில்லை, முற்றங்களில் எருக்குழிகள். சில மாதங்களுக்குள் சுமார் 4,700 பேர் மாண்டார்கள். இவ்வாறு நேரும் என்று வைத்தியர்கள் முன்னரே எச்சரித்திருந்தார்கள். நெருக்கமான சந்துகளிலிருந்து ஏழைக் குடும்பங்களை அரணுக்கு வெளியே அழைத்துச் சென்று கூடாரங்களில் குடிவைத்தார்கள். தொடர்ந்து வைத்தியர் சங்கமே நிதி திரட்டி, நகருக்கு வெளியே தாழ்ந்த மஞ்சள் வீடுகளை வரிசையாகக் கட்டித் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டது. புரூம்லேபி என்று வழங்கும் அக்குடியிருப்பில் இன்றும் ஜனங்கள் வாழ்கிறார்கள். மாளிகைகளைப் பார்க்கும் ஆவலோடு வரும் பிரயாணி ஒரு பிற்பகலை அங்கே செலவிட்டால், அந்நாட்டின் பிற்காலப் பெருமைக்கு எது அஸ்திவாரமோ அதையே பார்த்தவர் ஆவார்.

வெளியே கட்டலாகாது என்ற எல்லையை 1852-லேயே நகரத்தின் மேற்கிலுள்ள ஏரிகள்வரை சுருக்கிவிட்டிருந்தார்கள். 1850-களின் பிற்பகுதியில் வாயில்கள் இடிபட்டன. 1868-இல் அரண் நிலம் நகரசபையின் கைக்கு வந்தது. அதை என்ன செய்வது என்பதில் பெரிய வாதம் எழுந்தது. மனைகளாகப் போட்டு விற்றால் பணம் கிடைக்கும். பூங்காவாக விட்டால் ஜனங்களுக்குக் காற்றும் நிழலும் கிடைக்கும். முடிவில் ஒரு பகுதி விற்பனையாகி உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. எஞ்சிய பகுதி தோட்டங்களாயிற்று. முழுவதையுமே தோட்டமாக விட்டிருக்கலாகாதா என்று ஆதங்கம் தோன்றினாலும், கிடைத்தது அற்பமன்று.

அந்தத் தோட்டங்களின் தொடரே இரண்டாம் நாளின் வழி. திவோலியில் தொடங்கி, 1905-இல் முடிந்த நகரசபை மாளிகையைக் கடந்து வடக்கே நடந்தால் முதலில் வருவது மின்காந்தத்தைக் கண்டறிந்த விஞ்ஞானி ஏர்ஸ்டெட்டின் பெயர் தாங்கிய பூங்கா. அதன் நடுவிலுள்ள ஏரிக்கரையைக் கொஞ்சம் கூர்ந்து நோக்க வேண்டும். இயற்கையான ஏரியைப்போல் வளைந்து போகாமல், கரை ஓரிடத்தில் சட்டென்று முனையாக நீண்டு மறுபடியும் உள்வாங்குகிறது. பீரங்கிகளை நிறுத்திய கொத்தளம் அகழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த வடிவம் அது. பக்கத்து மேடு அரணின் மிச்சம். அதைத் தாண்டினால் தாவரவியல் தோட்டம். அங்கும் அகழியே ஏரி. அங்குள்ள கண்ணாடிப் பனைமாளிகையை 1874-இல் முடித்துக் கொடுக்கப் பொருளுதவியவர் கார்ல்ஸ்பெர்க் மதுவடிசாலையை நிறுவிய யாகோப்சன். நல்ல நீரும் இடமும் தேடி 1847-லேயே தம் தொழிலை அரணுக்கு வெளியே வால்பி மேட்டில் தொடங்கிய அவர் செல்வம் பெருகியபோது நகரத்தை மறக்கவில்லை. அவர் மகன் சேர்த்த சிற்பங்களின் காட்சிசாலையும் பழைய அரண் நிலத்தில்தான் நிற்கிறது. அப்பால் தேசியச் சித்திரசாலையைத் தன்னுள் கொண்ட கிழக்குப் பூங்கா. முடிவில் கஸ்தெல்லெத் என்ற ஐங்கோணக் கோட்டை. அரண், அகழி, வாயில், காற்றாலை நான்கும் குலையாமல் இருப்பது அங்கே. நூற்றாண்டுக்கணக்கான சரித்திரத்தை மூன்று நான்கு கிலோமீட்டர் நடையில், பெரும்பாலும் மர நிழலிலேயே, இவ்விதம் கடந்துவிடலாம்.

மூன்றாம் நாளை நீருக்கு அப்பால் உள்ள கிறிஸ்டியன்ஸ்ஹவ்னுக்கு விட்டுவைப்பது உசிதம். அங்கே போகும் வழியில்தான் பர்ஸ் மண்டபம். நான்கு வேதாளப் பாம்புகளின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு எழும் 56 மீட்டர் உயரக் கோபுரத்துடன் நானூறு ஆண்டுகள் நின்ற அம்மண்டபம், பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கையில் 2024 ஏப்ரல் 16-ஆம் நாள் தீப்பற்றி, கோபுரம் சாய்ந்து, பாதிக்கு மேல் அழிந்தது. அன்று தெருவில் போனவர்களும் ஊழியர்களுமாக உள்ளே ஓடிப் பழைய சித்திரங்களைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனைத் திரும்பக் கட்டும் வேலை தொடங்கிவிட்டது.

இம்மண்டபம் எழுந்த காலத்துக்கும் நம் சோழமண்டலக் கடற்கரைக்கும் நேரான சம்பந்தம் உண்டு. கீழ்த்திசை வாணிபத்துக்கென்று நான்காம் கிறிஸ்டியன் 1616-இல் ஒரு கம்பெனியை ஏற்படுத்தி, 1618-இல் ஓவே கெட்டே என்ற இளைஞரின் தலைமையில் கப்பல்களை அனுப்பினார். 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஆயிற்று. தரங்கம்பாடி டேனியர் வசம் வந்தது. நாயக்கர் டேனிய அரசருக்குப் பொன் தகட்டில் எழுதியனுப்பிய திருமுகம் இன்றும் கோபன்ஹேகன் அரசாங்கச் சுவடிக்கூடத்தில் இருக்கிறது. பின்னாளில் அவ்வாணிபத்தை நடத்திய ஆசியக் கம்பெனியின் தலைமையகமும் பண்டகசாலையும் கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் கரையில் அப்படியே நிற்கின்றன. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு 1705-ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறியது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பிரயாணத்தில் ஒரு மணி நேரத்தை இக்கரையில் கழிக்காமல் திரும்பும் தமிழர் நஷ்டப்பட்டவரே. கிறிஸ்டியன்ஸ்ஹவ்னின் கிழக்கெல்லையில் பழைய அரணும் அகழியும் நீண்ட தூரம் அழியாமல் நிற்கின்றன. அங்கே கைவிடப்பட்ட இராணுவ முகாமில் 1971-இல் இளைஞர்கள் குடியேறி அமைத்ததுதான் கிறிஸ்டியானியா என்ற குடியிருப்பு.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நடந்து பார்க்க வேண்டிய நகரமாதலால் கோடையே சிலாக்கியம். ஆனால் சரித்திரத்தில் பற்றுள்ளவருக்கு நான் சொல்லக்கூடியது ஈஸ்டருக்குப் பின் வரும் நான்காம் வெள்ளிக்கிழமையை ஒட்டிய நாட்கள். 1686 முதல் அந்த வெள்ளி பெரும் பிரார்த்தனை நாளாக இருந்தது. அன்று ரொட்டிச் சாலைகள் வேலை செய்யலாகாது என்பதனால், முந்தின நாளே ஏலக்காய் சேர்த்த சதுரமான கோதுமை ரொட்டிகளைச் சுட்டு வைத்துவிடுவார்கள். ஊரார் வாங்கி வந்து, மறுநாள்வரை பொறுக்காமல் அன்றிரவே வாட்டி, வெண்ணெய் தடவித் தின்பது வழக்கமாயிற்று. வியாழன் மாலை தேவாலய மணிகள் ஒலிக்கும்போது குடும்பம் குடும்பமாக அரண்மீது ஏறி உலாவுவார்கள். அரண் போன பிறகு அந்த உலா கஸ்தெல்லெத்துக்கும், அதை அடுத்த கடற்கரைச் சாலைக்கும் மாறியது. 1913-இல் வைத்த கடற்கன்னிச் சிலையும் அங்கேயே இருக்கிறது. 2024 முதல் அரசாங்கம் அவ்விடுமுறையை நீக்கிவிட்டது. இராணுவச் செலவுக்குப் பணம் திரட்ட அதுவே வழி என்று சொன்னபோது பல்லாயிரக்கணக்கானோர் பாராளுமன்றத்தின் எதிரே திரண்டு ஆட்சேபித்தும் பயனில்லை. விடுமுறை போயினும் ரொட்டிச் சாலைகள் அந்த ரொட்டியைச் சுடுவதை நிறுத்திவிடவில்லை. அந்த வாரத்தில் போகிறவர், வியாழன் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.